கடகடக்கும் கிளட்ச்: பிளேட்டை மாற்றியும் சத்தம் ஏன் போகவில்லை?

மோட்டார் சைக்கிள் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 1996ஆம் ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ்.இசட். இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. பிறையிலிருந்து பினாங்குப் பாலம் வழியாகப் பாயான் லெப்பாஸில் உள்ள தொழிற்சாலைக்கு இப்போது நான் அதில்தான் போய்வருகிறேன். சில மாதங்களாக, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சாலை விளக்கில் நிற்கும்போது வலப்பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம் வருகிறது. கிளட்ச் லீவரைப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பாலத்தின் மேல் ஓடும்போது எதுவும் கேட்பதில்லை. பட்டறைத் தவுக்கே (முதலாளி), கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, ஸ்பிரிங்கோடு சேர்த்து முழுச் செட்டையும் மாற்றினார். கூலியோடு 200 வெள்ளிக்கு மேல் ஆயிற்று. சத்தம் அப்படியே இருக்கிறது. இனி இன்ஜினைப் பிளந்து கிராங்க்கைப் பார்க்க வேண்டும் என்கிறார். பார்க்கச் சொல்லலாமா?
– வாசகர், பிறை

பதில்: பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்கை இப்போதைக்குத் தொட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. சூடான பிறகு வருகிறது, வண்டி நிற்க இன்ஜின் மட்டும் மெல்ல ஓடும் ஐடிலிங்கில் மட்டும் வருகிறது, லீவரைப் பிடித்தால் அடங்குகிறது, ஓட்டத்தில் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நான்கும் ஒன்றாகச் சேரும்போது முதல் சந்தேகம் கிளட்ச் ஹவுசிங்கின் மேல்தான் விழ வேண்டும். பிளேட்டுகளைத் தன் விரல்களுக்கிடையே தாங்கி நிற்கும், பின்புறத்தில் பெரிய பல்சக்கரம் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்ட அலுமினியக் கூடைக்குத்தான் ஹவுசிங் என்று பெயர். பல பட்டறைகளில் பிளேட்டை மாற்றுவார்கள், ஸ்பிரிங்கை மாற்றுவார்கள், ஹவுசிங்கை மட்டும் துடைத்துவிட்டு அப்படியே திரும்ப மாட்டிவிடுவார்கள். தேய்ந்த பிளேட் கடகடக்காது, வழுக்கும். த்ராட்டிலை முறுக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறும், வண்டியின் வேகம் அதற்கு ஈடாக ஏறாது. பாலத்தின் நடுவில் உள்ள ஏற்றத்தில் அப்படி எதுவும் நேர்ந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆகவே கழற்றிய பழைய பிளேட்டுகள் இன்னும் கையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்தால் சோதனைகளின் பொருள் விளங்கும். கிராங்க்கின் வலது முனையில் உள்ள சிறிய பல்சக்கரம் ஹவுசிங்கின் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்ஜின் ஓடும்வரை, நீங்கள் கிளட்சைப் பிடித்தாலும் விட்டாலும், ஹவுசிங் சுழன்றுகொண்டேதான் இருக்கும். கிராங்க்கோ ஒரே சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு துள்ளு துள்ளி, அடுத்த அமுக்கத்தின்போது தளர்கிறது. உங்களுடையது போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால், ஐடிலிங் 1,300 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஏறக்குறைய 22 முறை இந்தத் துள்ளல் நிகழ்கிறது. கனமான ஹவுசிங் இந்த ஏற்றத்தாழ்வைப் பின்தொடர முடியாமல் பல்லின் ஒரு பக்கத்திலும் மறுபக்கத்திலும் மாறிமாறி இடிக்கும். அந்த இடியை வாங்கிக்கொள்வதற்காகவே பல்சக்கரத்துக்கும் கூடைக்கும் இடையில் ரப்பர்த் துண்டுகளோ சிறு ஸ்பிரிங்குகளோ வைத்திருக்கிறார்கள். பட்டறைகளில் இதை டேம்பர் என்பார்கள். முப்பது ஆண்டு வெப்பத்திலும் எண்ணெயிலும் கிடந்த ரப்பர் சுருங்கி இறுகிவிடும், ஸ்பிரிங் தன் குழியைத் தேய்த்து இடம் பண்ணிக்கொள்ளும், ரிவெட் தளரும். அதன் பிறகு, நிலையோடு பொருந்தாத கதவு காற்றில் அடித்துக்கொள்வதைப் போல, கூடையும் சக்கரமும் ஒன்றையொன்று தட்டத் தொடங்கும். வேகத்தில் இன்ஜினின் இழுவை பற்களை ஒரே பக்கமாக அழுத்தி வைத்திருப்பதால் தட்டுவதற்கு வாய்ப்பில்லை. பாலத்தில் கேட்காத சத்தம் பாயான் லெப்பாஸ் விளக்குகளில் கேட்பதற்குக் காரணம் இதுதான். குளிர்ந்த நிலையில் எண்ணெய் கெட்டியாக இருந்து இடியைத் தணிக்கும். சூடேறி இளகியதும் அந்த மறைப்பும் போய்விடும்.

ஆனாலும் சந்தேகத்தின் பேரில் மூடியைக் கழற்றிவிடக் கூடாது. காதால் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் லீவரை விட்டபடி கேளுங்கள். பிறகு த்ராட்டிலை மெல்ல முறுக்கி 2,500 ஆர்.பி.எம். வரை ஏற்றுங்கள். கடகடப்பு மறைந்துவிட்டால் டேம்பரின் பக்கம் சான்று கூடுகிறது. மறையாமல், வேகத்தோடு சேர்ந்து உறுமலாக ஏறினால் கியர்பாக்ஸில் கிளட்ச் மாட்டியிருக்கும் தண்டான மெயின் ஷாஃப்ட்டின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். லீவரைப் பிடித்தால் அந்த உறுமலும் தணியும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. அடுத்து, பின் பிரேக்கை அழுத்திக்கொண்டு, லீவரைப் பிடித்தபடி முதல் கியரைப் போடுங்கள். நியூட்ரலில் லீவரைப் பிடித்தாலும் எண்ணெயின் இழுப்பால் மெயின் ஷாஃப்ட் ஓரளவு சுற்றிக்கொண்டிருக்கும். கியரில் போட்டு பிரேக்கைப் பிடித்தால்தான் அது முழுமையாக நிற்கும். நீங்கள் ‘பெரும்பாலும் அடங்கிவிடுகிறது’ என்று எழுதியதில் அந்தப் ‘பெரும்பாலும்’ இந்த இழுப்பால் வந்திருக்கலாம். இந்த நிலையில் நிற்கும் ஷாஃப்ட்டின் மேல் ஹவுசிங் மட்டும் தனியாகச் சுழல்கிறது. இப்போது புதிதாகக் கரகரப்பு எழுந்தால் ஹவுசிங்கின் நடுவில் ஷாஃப்ட்டின் மேல் அமரும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது கிளட்சை விலக்கும் புஷ்ராட், பேரிங் ஆகிய இடத்தில் குறை இருக்கிறது என்று பொருள். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையைக் கிளட்ச் மூடியில் வைத்துக் கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேட்டால் இடம் இன்னும் தெளிவாகும். அதே முனையைச் சிலிண்டரில் வைக்கும்போது சத்தம் பெரிதாகக் கேட்டால், அதிலும் குளிர்ந்த இன்ஜினில் கூடுதலாகக் கேட்டால், அது பிஸ்டன் தட்டும் சத்தம். கிளட்ச் லீவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் தவுக்கே சந்தேகிக்கும் கிராங்க், கனெக்டிங் ராட் பேரிங் சத்தமும் லீவரைப் பிடித்ததால் அடங்கிவிடாது. இழுவையில்தான் அது உரக்கப் பேசும்.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் ஐடிலிங்கைச் சரிசெய்யுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கிளட்ச் சத்தத்தின் பாதி கார்புரேட்டரில் இருக்கிறது. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் அடைத்திருந்தாலோ, ஏர் ஸ்குரூ தவறாக வைக்கப்பட்டிருந்தாலோ, இன்டேக் ரப்பர் வெடித்துக் காற்று புகுந்தாலோ, இன்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் ஒழுங்காக வெடிக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று வெடிக்கும். துள்ளல் இரண்டு மடங்கு முரடாகும். நல்ல ஹவுசிங்கைக்கூட அப்படிப்பட்ட ஐடிலிங் தட்டவைத்துவிடும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம்செய்து, கையேட்டில் சொன்ன ஆர்.பி.எம்.மில் ஐடிலிங்கை நிறுத்திவிட்டு மீண்டும் கேட்டுப் பாருங்கள். எரிபொருள் மிச்சமாகும் என்று ஐடிலிங்கை ஆயிரத்துக்குக் கீழே இறக்கிவைக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதில் மிச்சமாவது ஒன்றுமில்லை, தேய்வதுதான் அதிகம்.

இதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிராங்க்கின் வலப்பக்க ஆயில் சீல் பழுதானால், டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கியர்பாக்ஸ் எண்ணெயைக் கிராங்க் அறைக்குள் உறிஞ்சிக்கொள்ளும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் கியர் ஆயில் குறைந்துகொண்டே போவது, சூடான பிறகும் புகை வெண்மையாகவும் அடர்த்தியாகவும் வருவது, பிளக் நனைந்து கறுத்துக் கிடப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். ஐடிலிங் தடுமாறுவதும் எண்ணெய் குறைவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஹவுசிங் இரட்டிப்பாகச் சத்தம் போடும். நல்வாய்ப்பாக, பல வண்டிகளில் இந்தச் சீலைக் கிளட்ச் பக்கத்திலிருந்தே, இன்ஜினைப் பிளக்காமல் மாற்றிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் நின்றபாடில்லை என்றால் மூடியைத் திறக்கலாம். எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை காந்தத்தில் ஒட்டினால் அது வயதுக்குரிய தேய்மானம். பொன்னிறத் துகள் மினுங்கினால் வெண்கலப் புஷ் தேய்கிறது. விரலில் நெருடும் துண்டு, உடைந்த ஸ்பிரிங் முனை, ரிவெட்டின் தலை போன்ற எதுவும் கிடைத்தால் பழுது முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள். இரண்டு பற்களுக்கிடையே ஒரு துண்டு சிக்கினால் ஓட்டத்திலேயே இன்ஜின் பூட்டிக்கொள்ளும்.

மூடியின் ஸ்குரூக்கள் ஜப்பானியத் தர நட்சத்திரத் தலை கொண்டவை. சாதாரண பிலிப்ஸ் முனை அவற்றின் அடிவரை இறங்காது. பாதியில் நின்று விளிம்பைச் சீவிவிடும். பழைய யமஹாக்களின் மூடியில் வழுவழுவென்று தலை தேய்ந்த ஸ்குரூக்களைப் பார்த்திருப்பீர்கள். அவை எல்லாம் தவறான முனையின் கைவண்ணம். சரியான முனையைப் பொருத்தி, சுத்தியால் தட்டும் இம்பேக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். இன்ஜினுக்கு 2டி எண்ணெயைத் தானாகச் செலுத்தும் ஆட்டோலூப் பம்ப் இந்த மூடியோடு சேர்ந்திருக்கும் வண்டிகளில் அதன் குழாயைப் பிரிக்க நேர்ந்தால், திரும்ப மாட்டிய பின் காற்றை வெளியேற்றியே தீர வேண்டும். இதை மறந்து வண்டியை எடுத்தால் பிஸ்டன் எண்ணெயின்றிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் சத்தத்துக்கு மருந்து பார்க்கப்போய் சிலிண்டரையே கடைந்து பெரிதாக்க (போர் போட) வேண்டிவரும்.

கிளட்ச் ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்துவையுங்கள். பிளேட்டுகளின் நடுவே ஷாஃப்ட்டோடு பொருந்திய ஹப்பின் நட்டைக் கழற்றுமுன் அதன் லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்த வேண்டும். ஹப் சுழலாமல் பிடிக்க ஸ்குரூ டிரைவரைப் பற்களுக்குள் செருகுவது பல்லை உடைக்கும் வேலை. பழைய இரும்புப் பிளேட் ஒன்றில் ஒரு பட்டையை வெல்டிங் செய்தால் நல்ல பிடிகருவி கிடைத்துவிடும். பழைய பிளேட்டுகளை எறிய வேண்டாம் என்று சொன்னது இதற்காகவும்தான்.

ஹவுசிங் கையில் வந்ததும், இடக்கையால் பல்சக்கரத்தை இறுகப் பிடித்து, வலக்கையால் கூடையைத் திருகிப் பாருங்கள். நல்ல டேம்பர் சிறிது எதிர்த்து, விட்டதும் திரும்பும். எதிர்ப்பே இல்லாமல் ‘டக்’ என்று இரு பக்கமும் தட்டினால் நோய் அதுதான். இன்னொரு சோதனையாக, கூடையைச் சக்கரத்திலிருந்து விலக்குவது போல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள்; அப்படி அசைந்தால் ரிவெட்டுகள் தளர்ந்திருக்கின்றன, ரிவெட் தலையைச் சுற்றிலும் கரிய அரைப்புத் தூள் படிந்திருப்பதையும் காண்பீர்கள். நடுப் புஷ்ஷையும் அதன் உட்குழலையும் ஷாஃப்ட்டில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். கிராங்க் முனையில் சிறிய பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். தளர்ந்த நட்டும் இதே சத்தத்தைத்தான் எழுப்பும், செலவில்லாமல் தீரும்.

கூடையின் விரல்களில் பிளேட்டின் காது பதிந்து பள்ளம் விழுந்திருக்கும். அதை அரம் கொண்டு சமப்படுத்துவது பட்டறைகளில் வழக்கம். கிளட்ச் சரியாக விலகாமல் கியர் முரண்டு பிடிக்கும் வண்டிக்கு அது நல்ல மருத்துவம். சத்தத்துக்கு அது எதிர் மருத்துவம்: அரத்தால் தேய்க்கத் தேய்க்கப் பிளேட்டின் காதுக்கும் விரலுக்கும் உள்ள இடைவெளி கூடி, லீவரைப் பிடிக்கும்போது பிளேட்டுகளே கலகலக்கத் தொடங்கும். பள்ளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் அரத்தை எடுக்காமல் ஹவுசிங்கையே மாற்றுவது நல்லது.

மாற்றுவதா, பழுதுபார்ப்பதா என்பது விரல்களின் நிலையைப் பொறுத்தது. விரல்கள் நன்றாக இருந்து டேம்பர் மட்டும் போயிருந்தால், லேத் பட்டறையில் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, புதிய ரப்பர் அல்லது ஸ்பிரிங் வைத்து, பின் தகட்டை மீண்டும் ரிவெட் அடித்துத் தருவார்கள். ரிவெட்டுக்குப் பதில் போல்ட் போட்டால் திருகு தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசையைப் பூசி, முனையைத் தட்டி விரித்துவிட வேண்டும். அதன் தலை மூடியிலோ ஆயில் பம்ப் பல்லிலோ உரசாதா என்று கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ‘நான்கு பொட்டு வெல்டிங் வைத்தால் ஆயுளுக்கும் சத்தம் வராது’ என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். சத்தம் வராது என்பது உண்மை. டேம்பரும் இருக்காது, ஒவ்வொரு வெடிப்பின் இடியும் நேரே பல்லுக்கும் கிராங்க்குக்கும் போய்ச் சேரும். புதிய ஹவுசிங் வாங்குவதானால், கடையிலேயே அதே திருகல் சோதனையைச் செய்துவிட்டுக் காசு கொடுங்கள். மலிவான நகல் பொருள்களில் சில, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஆடும். நல்ல நிலையில் உள்ள பழைய அசல் ஹவுசிங் கிடைத்தால் என் விருப்பம் அதுதான்.

திரும்ப மாட்டும்போது ஹவுசிங்கின் முன்னும் பின்னும் உள்ள வாஷர்களின் வரிசை மாறக் கூடாது. ஒரு வாஷர் விடுபட்டாலும் ஹவுசிங் பக்கவாட்டில் ஆடி, புதிய சத்தம் ஒன்று பிறக்கும். உங்கள் பழைய பிளேட்டுகளை வெர்னியரில் அளந்து பாருங்கள். புதிதில் 3 மி.மீ. இருக்கும் பிளேட் 2.7 அருகில் வந்தால்தான் கழிக்க வேண்டியது. அதற்கு மேல் இருந்தால், இரும்புப் பிளேட்டுகள் கண்ணாடியின் மேல் வைத்தால் ஆடாமல் கிடக்கின்றனவா என்றும் பார்த்துவிட்டு, மாற்றுச் செட்டாகப் பத்திரப்படுத்துங்கள். லாக் வாஷரும் கேஸ்கட்டும் புதிதாக இருக்கட்டும். நட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கி, லீவரின் அடியில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு விட்டு கேபிளைச் சரிசெய்யுங்கள்.

ஐடிலிங்கைச் சரிசெய்ததிலேயே சத்தம் பாதியாகக் குறைந்து, எண்ணெயில் துண்டுகள் எதுவும் இல்லையென்றால், உடனே திறந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அடுத்த எண்ணெய் மாற்றம்வரை ஓட்டலாம். முப்பது வயது டூ ஸ்ட்ரோக் வண்டி சிறிது முனகத்தான் செய்யும்.

கேள்வி: ஆயர் ஈத்தாமில் மேட்டுப் பகுதியில் குடியிருக்கிறேன். என் ஹோண்டா இ.எக்ஸ்.5 வண்டியில் கிளட்ச் லீவரே இல்லை. நின்ற இடத்திலிருந்து மேட்டில் ஏறும்போது நடுங்கிக்கொண்டு கிளம்புகிறது. நிற்கும்போது லேசாகக் கடகடக்கிறது. மேலே சொல்லும் முறைகள் இதற்கும் பொருந்துமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: ஓரளவுக்குத்தான் பொருந்தும், அம்மா. உங்கள் வண்டியில் இரண்டு கிளட்சுகள் இருக்கின்றன. ஒன்று கிராங்க்கின் முனையில், வேகம் கூடும்போது எடைக்கட்டைகள் விரிந்து டிரம்மைப் பற்றுவது. மற்றொன்று நீங்கள் கியர் பெடலை மிதிக்கும்போது விலகும் பிளேட் கிளட்ச். கிளம்பும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் முதலாவதைச் சேர்ந்தது: கட்டைகளின் முகம் கருகி வழவழப்பாகியிருக்கும், அல்லது டிரம்மின் உட்புறத்தில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். நிற்கும்போது வரும் சத்தத்துக்கு முதலில் ஐடிலிங்கைப் பாருங்கள். இங்கே குறை எதிர்த்திசையில் இருக்கும். ஐடிலிங் அளவுக்கு மேல் ஏறியிருந்தாலோ, கட்டைகளை உள்ளிழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, கட்டைகள் நிற்கும்போதே டிரம்மை லேசாகத் தொட்டுத் தொட்டு விலகும்.

கியர் மாற்றும்போதும் அதிர்ந்தால், வலப்பக்க மூடியில் உள்ள கிளட்ச் ஸ்குரூவைச் சரிசெய்ய வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்புங்கள். பிறகு இடஞ்சுழியாக மெல்லத் திருப்பிக்கொண்டு வந்து, கையில் தடை தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். அங்கிருந்து வலஞ்சுழியாக எட்டில் ஒரு பங்கு சுற்று விட்டு, ஸ்குரூ நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். கால் மணி நேர வேலை. மேட்டில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் த்ராட்டிலால் வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். கட்டைகளைக் கருக்குவது அதுதான்.

கேள்வி: வீட்டில் காருக்கு வாங்கிய இன்ஜின் ஆயில் மீதம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றலாமா? டூ ஸ்ட்ரோக் வண்டியின் கியர்பாக்ஸுக்கு 2டி ஆயிலையே ஊற்றலாம் என்கிறார் நண்பர்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் வேண்டாம். கிளட்ச் எண்ணெயில் மூழ்கி வேலை செய்யும் வண்டிகளுக்கு டப்பாவின் பின்புறத்தில் ஜப்பானிய எண்ணெய்த் தரமான ஜாசோவின் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி இருக்க வேண்டும். இன்றைய மெல்லிய கார் எண்ணெய்களில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். காருக்கு நல்லதான அது, நம் கிளட்ச் பிளேட்டை வழுக்க வைக்கும். 2டி ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்து போவதற்காகச் செய்யப்பட்டது. பற்களுக்கிடையே அழுத்தத்தைத் தாங்கி நிற்பது அதன் வேலையன்று. கியர்பாக்ஸுக்குக் கையேடு சொல்லும் தடிமனில் எம்.ஏ. குறியுள்ள எண்ணெயை, சொன்ன அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் கிளட்ச் முழுதாக விலகாமல் இழுக்கும். மீதமுள்ள கார் எண்ணெயைக் காருக்கே வைத்துக்கொள்ளுங்கள்.